உடன் வந்தவனும் உயர வேண்டும்



கன்னிவாடியில் எங்கள் வீட்டுத் திண்ணை, தாயக்கட்டைகள் உருளும் ஓசையைப் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகியது. சென்ற கோடை விடுமுறையில் அத்திண்ணையில் வேறொரு விளையாட்டு நடக்கக் கண்டேன். கல்லூரியில் பயிலும் என் பேரனும் அவன் தோழர்களும் வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவே சில தாள்களும் எழுதுகோல்களும் இருபது முகங்கள் கொண்ட பகடையும் கிடந்தன. ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் இன்னது செய்கிறேன்" என்று சொல்கின்றனர். செய்தது பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பு வழங்குகிறது. கூத்தும் கணக்கும் கைகோத்த விளையாட்டு அது.

என் பேரன் ஒரு வீரன். அவனுக்குத் துணையாகக் கூலிக்கு அமர்ந்த தீவட்டிக்காரன் ஒருவன். இருண்ட குகை வாயிலை அடைந்ததும் பேரன், "உள்ளே பொறி இருக்கலாம், தீவட்டிக்காரன் முன்னே போகட்டும்" என்றான். கதை நடத்திய பெண், "அவன் ஏன் போக வேண்டும்?" என்று கேட்டாள். "கூலி கொடுத்திருக்கிறேனே!" என்றான் இவன். அவள் பகடையை உருட்டினாள், எண்ணைப் பார்த்தாள், "தீவட்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் ஓடிவிட்டான். இப்போது உங்களைச் சுற்றிலும் இருள்" என்றாள். எல்லாரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதை ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். பெட்டி ஒன்றுக்குள் மூன்று சிறு நூல்கள். முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள் மட்டுமே. அதற்கு முன்பு இருந்த போர் விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு படையையே நகர்த்துவார். இதிலோ ஒரே ஒரு மனிதனாக வாழ வேண்டும். அன்றைய ஆட்டம் முடிந்தாலும் அம்மனிதன் முடிவதில்லை. அவன் ஈட்டிய அனுபவம் புள்ளிகளாக ஏட்டில் ஏறுகிறது. புள்ளிகள் நிறைந்ததும் அவன் ஒரு படி உயர்கிறான். புதிய ஆற்றல் பெறுகிறான். அடுத்த கிழமை ஆட்டம் தொடரும்போது, சென்ற கிழமை கற்றவற்றோடு வருகிறான்.

துணைவர்களுக்கும் இவ்விளையாட்டில் விதிகள் உண்டு. ஒரு பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய பண்புகள் அந்நாளில் 3 முதல் 18 வரையிலான எண்களால் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பிறரைத் தன்பால் ஈர்க்கும் பண்பு. 1978ஆம் ஆண்டின் விதிநூல்படி, அப்பண்பு 3 ஆக இருப்பவனுக்கு ஒரு துணைவனே அமைவான். 18 ஆக இருப்பவனுக்குப் பதினைவர் வரை அமையலாம். ஆயினும் வந்தவர் நிலைப்பது ஈர்ப்பினால் மட்டும் அன்று. 1979ஆம் ஆண்டின் நூல், துணைவனது பற்றுறுதியை அளக்கப் பல அளவுகோல்களைத் தந்தது. எத்தனை நாள் உடன் இருந்தான்? அவனுக்குப் பயிற்சி கிடைத்ததா? ஊதியம் ஒழுங்காக வந்ததா? தலைவன் அவனை எப்படி நடத்தினான்? இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பின்னரே பகடை உருளும். எங்கள் திண்ணையில் தீவட்டிக்காரன் ஓடியது வெறும் தற்செயல் அன்று என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

ஆனால் அந்நாளைய விதியில் ஒரு குறையும் இருந்தது. துணைவனுக்கு அனுபவத்தில் பாதிப் பங்குதான். அதே குகையில் நுழைந்து, அதே ஆபத்தை ஏற்றவனுக்குப் பாதி! 2020ஆம் ஆண்டில் வந்த ஒரு துணைநூல், உடன் வருபவர்களுக்கு வேறொரு வழி கண்டது. குழுவின் சராசரிப் படி உயரும்போதெல்லாம் உடன் வருபவனும் ஒரு படி உயர்வான் என்றது அது. இந்த மாற்றத்திற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. விளையாட்டுத்தானே என்று நாம் இதை ஒதுக்கிவிடலாகாது.

இனி, எனக்குச் சிரிப்பு வராத காரணத்தைச் சொல்கிறேன். நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு மாணவர் இருவரை அனுப்பினேன். கிணற்றுப் பாசனம் பற்றிய மாதிரி அது. ஒருவன் நன்றாகப் பேசுவான். மற்றவன் களிமண் குழைத்தான், குழாய் பொருத்தினான், மாதிரியைத் தலையில் சுமந்து பேருந்தில் ஏற்றினான். பரிசு கிடைத்தது. விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது பேசுபவன் பெயர் ஒன்றே. அவன் மேடையேறிச் சான்றிதழ் பெற்றான். மற்றவன் கீழே நின்று கைதட்டினான். மறு ஆண்டு அவனை அழைத்து, "இம்முறை நீ பேசு" என்றேன். "வேண்டாங்கய்யா. நான் தூக்கிட்டு வர்றேன், பேச வேற ஆளை வைங்க" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை; அதுதான் என்னை வருத்தியது. தான் சுமப்பதற்கே பிறந்தவன் என்று அவன் முடிவு செய்துவிட்டான். அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தவன் நான். அவனுக்கு அரைப் பங்குகூட நான் எழுதவில்லையே! ஆசிரியப் பயிற்சியில் பாடத் திட்டம் எழுதக் கற்றேன். உடன் நிற்பவன் பெயரை எழுதக் கற்க எனக்கு அத்தனை காலம் ஆயிற்று.

ஆகவே இவ்விளையாட்டை ஆடும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவன சில. துணைவனுக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள். அவனுக்கென்று ஓர் ஆசையும் ஓர் அச்சமும் இருக்கட்டும். பெயரில்லாதவனைப் பொறிக்குள் அனுப்புவது எளிது. துணைவர் தொகையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டால் ஒருவரது முறைக்கு மற்றவர் நெடுநேரம் காத்திருக்க நேரும். கதை நடத்துபவரோ, தாம் படைத்த துணைவன் வாயிலாக எல்லாப் புதிர்களையும் அவிழ்த்துவிடலாகாது. அப்படிச் செய்தால் ஆடுவோர் வெறும் பார்வையாளராகிவிடுவர். புதையலில் பங்கிடுவதுபோல உயர்விலும் பங்கிடுங்கள். 'இன்னது செய்ததால் உயர்ந்தான்' என்று ஏட்டில் ஒரு வரி எழுதுங்கள். வளர்ந்த துணைவன் தன் வழியே செல்ல விரும்பினால் மகிழ்ந்து விடைகொடுங்கள்.

இது நமக்குப் புதிய நெறி அன்று. கம்பர் காட்டும் இராமன், கங்கையைக் கடக்க உதவிய குகனை ஓடக்காரனாகவே நிறுத்திவிடவில்லை, உடன்பிறந்தானாக ஏற்றுக்கொண்டான். பெரியதொரு காப்பியத்தின் தலைவன் செய்ததைத் திண்ணையில் ஆடும் வீரனும் செய்யலாம்.

அன்று மாலை பேரனிடம் நம் தாயத்தை எடுத்துக் காட்டினேன். "இதில் ஒரு காய் பழுத்துவிட்டால் வெற்றியா?" என்று கேட்டேன். "இல்லை தாத்தா, எல்லாக் காயும் பழுக்க வேண்டும்" என்றான். சற்று நேரம் பேசாதிருந்தான். மறுநாள் ஆட்டம் தொடங்கியபோது, அவன் வீரன் முதலில் செய்த காரியம், ஓடிப்போன தீவட்டிக்காரனைத் தேடிச் சென்று அவன் பெயரைக் கேட்டதுதான்.

என் மாணவனிடம் அவ்வாறு தேடிச் செல்ல எனக்கு வாய்க்கவில்லை. உங்கள் பக்கத்தில் இன்று சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.