சிறு விமானம்: செலவும் சட்டமும்

பயணிகளை ஏற்றிச் சம்பாதிப்பதற்காக அன்றி, சொந்த மகிழ்ச்சிக்காகவே இரண்டு அல்லது நான்கு இருக்கைகள் கொண்ட சிறு விமானத்தை ஓட்டும் வழக்கம் அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1955-இல் முதன்முறையாகப் பறந்து, அடுத்த ஆண்டுக்குரிய மாதிரியாக விற்பனைக்கு வந்த செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தின் தொடக்க விலை 8,995 டாலர். இதுவரை 44,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டிருப்பதால், உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் இதுதான். விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால் அன்றைய விலை இன்றைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலருக்குச் சமம். ஆனால் இன்று புதிய செஸ்னா 172 ஒன்றை வாங்க நான்கு லட்சம் டாலருக்கும் மேல் வேண்டியிருக்கிறது.

அரசின் கெடுபிடிதான் இதற்குக் காரணம் என்று விமானம் ஓட்டுவோர் பலரும் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. விமானத்தின் வடிவமைப்பு முதல் அதில் பொருத்தப்படும் சிறு பாகம் வரை எல்லாவற்றுக்கும் எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதல் தேவைப்படுவதால், காருக்கு மலிவாகக் கிடைக்கும் ஓர் உதிரிபாகம் விமானத்துக்கு என்று வரும்போது பல மடங்கு விலையேறிவிடுகிறது. மறுபாதிக் காரணம் எண்ணிக்கைச் சரிவு. 1978-இல் அமெரிக்க நிறுவனங்கள் 17,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைத் தயாரித்தன. 1994-இல் அது ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விபத்துக்குள்ளானாலும் தயாரித்தவர் மீது இழப்பீட்டு வழக்கு தொடர முடிந்ததால் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போக, 1986-இல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் எஞ்சின் விமானத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு விமானங்கள் குறித்துப் பொதுவாகத் தயாரிப்பாளர்மீது வழக்கு தொடர இயலாது என்று 1994-இல் சட்டம் இயற்றப்பட்ட பிறகே அந்நிறுவனம் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. எனினும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. குறைந்த எண்ணிக்கையில் கையால் கட்டப்படும் எந்தப் பொருளும் மலிவாக இருப்பதற்கில்லை.

ஆகவே நடுத்தர வருமானம் உள்ளவர்கள் பழைய விமானத்தை வாங்குகிறார்கள், அல்லது பறத்தல் மன்றத்தில் சேர்ந்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். செஸ்னா 172 மணிக்கு 30 லிட்டருக்கும் மேல் பெட்ரோல் குடிக்கும். அதன் எஞ்சினை ஏறத்தாழ 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முற்றிலும் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை என்பதால், கணக்கறிந்த உரிமையாளர் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை அதற்கென ஒதுக்கி வைப்பார். ஆண்டுக்கொரு முறை நடக்கும் கட்டாய ஆய்வில், மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்தி, அது எவ்வளவு கசிகிறது என்று அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். அந்தக் கையொப்பம் இல்லாமல் விமானம் பறக்கக் கூடாது. இந்தச் செலவைக் கெடுபிடி என்று ஒதுக்குவது நியாயமன்று.

விதிகளின் அமைப்பில் பாராட்டத்தக்க ஒரு நெறி உண்டு. ஆபத்து ஓட்டுபவரோடு நிற்கும் இடத்தில் சட்டம் தளர்கிறது. பிறரைத் தொடும் இடத்தில் இறுகுகிறது. 1982-இல் வந்த விதிப்படி, பொதுவாக 254 பவுண்டுக்கும் குறைவான எடையும் ஒரே இருக்கையும் கொண்ட மிக இலகு விமானத்தை ஓட்ட உரிமமே வேண்டாம். ஆனால் நெரிசலான ஊர்ப்பகுதிகளின் மேல் அதை ஓட்டக் கூடாது. 2004-இல் அறிமுகமான விளையாட்டு விமானி உரிமத்துக்குக் குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி போதும். தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணி என்று விதி சொன்னாலும், பெரும்பாலோருக்கு 60 மணிக்கும் மேல் பிடிப்பதால், பயிற்சிச் செலவு 10,000 டாலரை எளிதில் தாண்டிவிடுகிறது. இந்த உரிமம் பெற்றவர் உடன் வருவோரோடு எரிபொருள், வாடகை போன்ற செலவுகளைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாமே தவிர, கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. பணம் கொடுத்து ஏறுபவர் விமானியின் திறமையைத் தாமே எடைபோட இயலாது என்பதால் இந்தத் தடை சரியானதே.

இதே நெறி பொய்த்துப்போன இடமும் ஒன்று உண்டு. புறப்படுமுன் விமானி இறக்கையின் அடியிலுள்ள வடிகாலிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடி போன்ற குழாயில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார். அடியில் தண்ணீர் தேங்கவில்லை, நிறம் வெளிர்நீலம் என்று உறுதியானால் எரிபொருள் சரி என்று பொருள். அந்த நீல எரிபொருளில், எஞ்சினுக்குள் அது நேரம் தவறி வெடிப்பதைத் தடுப்பதற்காக ஈயச் சேர்மம் கலந்திருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996-இலேயே தடைசெய்யப்பட்டுவிட்ட போதும், பெரும்பாலான சிறு விமானங்கள் இன்றுவரை அதையே எரிக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. சிறு விமான நிலையங்கள் பல குடியிருப்புகளை ஒட்டியே இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்தப் புகை பொதுமக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று முறையாக அறிவித்ததே 2023 அக்டோபரில்தான். 2031 முதல் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலின் விற்பனையைக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. மாற்று எரிபொருளுக்கும், அதற்கேற்ப எஞ்சினைச் சரிசெய்வதற்கும் ஆகும் கூடுதல் செலவை விமானம் ஓட்டுவோரே ஏற்க வேண்டும். ஓடுபாதையை அடுத்துள்ள வீடுகளில் வளரும் குழந்தைகள்மீது அந்தச் சுமையை இனியும் விட்டுவைப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.