சர்க்கரை போட்டது யார்?



ருஷ்யாவில் அனாதை இல்லப் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சங்கதி உண்டு. 18 வயதாகி இல்லத்தை விட்டு வெளியே வந்த பையனுக்கு ஒரு வீட்டில் தேநீர் கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பான். தேநீர் என்றால் அதுவாகவே இனிக்கும் என்றுதான் அவன் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். சர்க்கரையை யாரோ எடுத்துப் போடுகிறார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. இல்லத்தில் பெரிய பாத்திரத்தில், சர்க்கரை கலந்துதான் தேநீர் வரும். அடுப்படிக்குள் பிள்ளைகளுக்கு வேலை கிடையாது.

கேட்டதும் சிரிப்பு வருகிறது, இல்லையா? கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அந்தப் பையனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது. துணி, படுக்கை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. அம்மா சர்க்கரை டப்பாவைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் அடுப்படி மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை.

வெளிநாடுகளில் இந்தப் பிள்ளைகளுக்காகத் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் முப்பது ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட பாடம், சுற்றிச் சுற்றி இந்த அடுப்படிக்குத்தான் வந்து நிற்கிறது. அதை ருமேனியாவை வைத்துச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

1966 அக்டோபரில், ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌஷெஸ்கு 770 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். மக்கள்தொகை பெருக வேண்டும், அதனால் கருக்கலைப்புக்குத் தடை என்றது அந்த ஆணை. 45 வயதைத் தாண்டியவர்கள், நான்கு பிள்ளை பெற்றவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. மறு ஆண்டே பிறப்பு விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1980-களில் அதே அரசு, வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவது என்று விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்தது. வீட்டில் ரொட்டிக்கு ரேஷன். பனிக்காலத்தில் கணப்புக்குச் சூடு இல்லை. பெற்ற பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் தவித்தவர்களுக்கு அரசு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. எங்களிடம் விட்டுவிடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்றது.

கைக்குழந்தைகளை வைத்திருந்த இல்லத்துக்கு ருமேனிய மொழியில் பெயர் என்ன தெரியுமா? 'லியாகன்'. தொட்டில் என்று பொருள்.

1989 டிசம்பரில் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்தது. வெளியுலகம் உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் கிடந்தார்கள். அனாதைகள் என்று பெயர். பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

உள்ளே போய் வந்தவர்கள் குளிரையும் நாற்றத்தையும் பற்றிச் சொன்னார்கள். அதைவிட அவர்களை உலுக்கியது அங்கே நிலவிய அமைதி. வரிசையாகக் கட்டில்கள். குழந்தைகள் விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்கள். அழுகைச் சத்தமே இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. அங்கே அழுத பிள்ளைக்கும் கடிகாரம் பார்த்துத்தான் பால். அழுது பயனில்லை என்று தெரிந்த குழந்தை அழுவதையே விட்டுவிடுகிறது.

மேற்கு ஐரோப்பாவிலிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. போர்வை, மருந்து, பொம்மை, பால் மாவு. வந்தவர்கள் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், உடைந்த ஜன்னலை மாற்றினார்கள். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் குழந்தைக்கு வேண்டியது வண்ணச் சுவர்தானா?

இதற்கு விடை தேடி, 2000-ஆம் ஆண்டுவாக்கில் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களிலிருந்த 136 குழந்தைகள். சீட்டுப் போட்டு எடுப்பதுபோல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு ஏற்கெனவே இருந்த ஏற்பாடு தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேலே ஏறியது, மனிதர்களோடு ஒட்டிப் பழகும் தன்மை கூடியது. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2005-இல் நடைமுறைக்கு வந்த ருமேனியச் சட்டம், கடுமையான குறைபாடு உள்ளவர்கள் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்றது.

தொண்டு செய்ய வந்தவர்களும் இந்தப் பாதையில்தான் மனம் மாறினார்கள். மார்க் குக் என்ற பிரிட்டிஷ் ராணுவக் கர்னல் 1992-இல் ஐ.நா. அமைதிப்படையோடு குரோவேஷியாவுக்குப் போனார். லிபிக் என்ற ஊரில், போரில் சிதைந்து கிடந்த அனாதை இல்லத்தைப் பார்த்தார். நிதி திரட்டித் திரும்பக் கட்ட உதவினார். 1994-இல் மனைவி கரோலைனோடு சேர்ந்து 'ஹோப் அண்ட் ஹோம்ஸ் ஃபார் சில்ட்ரன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சரயேவோவிலும் ஓர் இல்லத்தைக் கட்டிக் கொடுப்பதுதான் திட்டம். அங்கிருந்த பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். குடும்பம் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள்.

இல்லம் கட்டப் புறப்பட்டவர்கள் இல்லங்களை மூடுகிற நிறுவனமானார்கள். 1998 முதல் ருமேனியாவிலும் அதே வேலை.

மூடுவது எப்படி? ஒவ்வொரு பிள்ளையாக விசாரிக்க வேண்டும். அம்மா எங்கே, ஏன் விட்டுப் போனாள்? சில நேரம் விடை மிகச் சின்னதாக இருக்கும். விறகு வாங்கக் காசில்லை, கூரை ஒழுகியது, வாடகை பாக்கி. அதைச் சரிசெய்து கொடுத்தால் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். போக வழியில்லாதவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம். அதுவும் அமையாதவர்களுக்கு, ஐந்தாறு பேர் இருக்கிற சாதாரண வீடு. அந்த வீட்டில் அடுப்படிக் கதவு திறந்தே இருக்கும்.

சரி, இதெல்லாம் வருவதற்குள் வளர்ந்துவிட்டவர்கள்? குழந்தைப் பருவம் முழுவதும் இல்லத்தில் கழித்து, 18-ஐத் தொட்டவர்கள்?

1990-களில் புக்கரெஸ்டின் ரயில் நிலையத்தைச் சுற்றி, நிலத்தடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சுரங்கங்களில், நூற்றுக்கணக்கான சிறுவர்களும் இளைஞர்களும் வாழ்ந்தார்கள். குழாயின் சூடுதான் அவர்களுக்குக் கணப்பு. அவர்களில் பலர் இல்லங்களிலிருந்து ஓடி வந்தவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள். படிப்பைத் தொடர்கிற பிள்ளை 26 வயது வரை பாதுகாப்பில் இருக்கலாம் என்று இப்போது ருமேனியச் சட்டம் சொல்கிறது. படிப்பு ஏறாதவனுக்கு வாசற்படி அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

இங்கேதான் தொண்டு நிறுவனத்தின் கடினமான வேலை தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது வேலையாகவே தெரியாது. மூன்று நான்கு இளைஞர்களுக்கு ஒரு வாடகை வீடு. முதல் சில மாதம் வாடகையை நிறுவனம் கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் தலையில் ஏறும். கரண்ட் பில் என்றால் என்ன, கட்டாவிட்டால் என்ன ஆகும்? சம்பளம் வந்த மூன்றாம் நாளே தீர்ந்துபோனால் மாதக் கடைசி வரை என்ன செய்வது? வேலையில் மேலாளர் கத்தினால், கோபித்துக்கொண்டு வந்துவிடாமல் மறுநாளும் போவது எப்படி? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது? நமக்கு இதையெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. வீட்டில் இருந்ததால் காதில் விழுந்தது.

பாடத்தைவிட முக்கியமானது ஓர் ஆள். வேலை போனாலும், தப்பே செய்திருந்தாலும், ராத்திரியில் கூப்பிட்டால் போனை எடுக்கிற ஓர் ஆள். ஆறு மாதத்தில் திட்டம் முடிந்தது என்று கணக்கை மூடினால் அந்த ஆள் போய்விடுவார். அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு கைவிடல்.

ஆனால் நன்கொடை கொடுப்பவர்கள் மனம் வேறு மாதிரி. குட்டிக் குழந்தையின் படத்துக்குப் பணம் வரும். மீசை அரும்பிய பையனின் வாடகைக்கு வராது. கட்டடத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம், ராத்திரி போன் அழைப்பில் வைக்க முடியுமா?

பணம் தப்பான பக்கம் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா சாட்சி. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே அனாதை இல்லங்கள் முக்கால் பங்கு பெருகின. அதே காலத்தில் சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள். அந்தப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதை 2011-இல் யுனிசெஃப் எடுத்துச் சொன்னது. பார்க்க வருகிறவர்கள் கூடக் கூட, காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். விளைவாகப் பிறந்ததுதான் 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல' என்ற இயக்கம்.

நேயர்களே, நம்மிலும் பலர் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ, அப்பாவின் நினைவு நாளுக்கோ பக்கத்திலுள்ள இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். நல்ல வழக்கம், விட வேண்டாம். அடுத்த முறை போகும்போது பொறுப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போன வருஷம் 18 முடிஞ்சு போன பிள்ளைங்க இப்ப எங்கேம்மா இருக்காங்க?" இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில், 18 முடிந்து போகிறவர்களுக்குப் பின்கவனிப்பு தர 21 வயது வரை இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

முடிந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் குடியிருக்கும் அறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். போகும்போது எதுவும் வாங்கிப் போக வேண்டாம். அவர் கையால் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று உரிமையோடு சொல்லிவிட்டு வாருங்கள்.