விசாரணைக் கைதியும் தனிக் கொட்டடியும்



சிறைச்சாலை என்றவுடன், குற்றம் புரிந்து தண்டனை பெற்றவர்களே நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். ஆனால் நம் நாட்டுச் சிறைகளில் அத்தகையோர் சிறுபான்மையினரே. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கினரான இவர்களைக் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளித்திலது.

அவ்வாறாயின் அவர்களைச் சிறையில் வைப்பது எதற்காக? விசாரணை நாளன்று தவறாது வருவதற்காகவும், சாட்சிகளை அச்சுறுத்தாமல் இருப்பதற்காகவும் ஆகும். இது காவல், தண்டனையன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நாம் ஆராயப் புகும் பொருள் எளிதில் விளங்கும். விசாரணைக் கைதி ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துத் தனிக் கொட்டடியில் அடைக்கலாமா? அடைத்தால் அவருக்கு எஞ்சும் உரிமைகள் யாவை?

பிரித்து வைத்தல் எல்லாம் தீமையே என்று கருதுதல் கூடாது. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே, தண்டனை பெறாதவர்களைத் தண்டனை பெற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்குமாறு தன் 27-ஆம் பிரிவில் பணித்தது. தொற்றுநோய் கண்டவரையும், சக கைதிகளால் தம் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுபவரையும் தனியே வைப்பது அவர்கள் நலம் கருதியே. பலரைத் தாக்கக்கூடிய ஒருவரைச் சிறிது காலம் விலக்கி வைக்கவேண்டிய நெருக்கடியும் சிறை அதிகாரிகளுக்கு நேரக்கூடும். அப்பொறுப்பின் சுமையை நாம் மறுத்தற்கில்லை.

தனிமைச் சிறை என்பதோ வேறு. மனிதர் முகம் காணாமல், மனிதர் குரல் கேளாமல் ஒருவரை அடைத்து வைப்பது கடுந்தண்டனை. அதன் கொடுமையை உணர்ந்தே, ஆங்கிலேயர் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டமும் அதற்குக் கடிவாளம் இட்டது. கடுங்காவல் தண்டனை விதிக்கும் நீதிமன்றம் மட்டுமே அதனை ஆணையிடலாம். மொத்தத்தில் 3 மாதங்களுக்கு மேற்படலாகாது. ஒரே தொடர்ச்சியாக 14 நாட்களைக் கடத்தலாகாது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 11, 12-ஆம் பிரிவுகளில் இவ்வரம்புகளையே வைத்திருக்கிறது. தீர்ப்புப் பெற்ற குற்றவாளிக்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், தீர்ப்பே பெறாத ஒருவருக்குச் சிறை அதிகாரி தம் விருப்பப்படி அதனை விதிப்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினா 1978-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தில்லி திகார் சிறையிலிருந்த இருவர் முறையிட்டனர். ஒருவர் சுனில் பத்ரா; மரண தண்டனை விதிக்கப்பட்டும் அது மேல் நீதிமன்றங்களில் இறுதி பெறாத நிலையில் தனியே அடைக்கப்பட்டவர். மற்றவர் சார்லஸ் சோப்ராஜ். அப்போது விசாரணைக் கைதி. ஏறத்தாழ ஈராண்டுகளாக அவர் கால்களில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அவர் பெற்ற தண்டனைகள் பலரும் அறிந்தவை. எனினும் உரிமை என்பது நல்லவர் என்று நாம் நம்புவோர்க்கு மட்டும் உரியதாயின், அதற்குச் சட்டம் வேண்டுவதில்லை.

ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அவ்வழக்கைக் கேட்டனர். தனி அறையில் வைத்தல் என்று சிறைச் சட்டம் கூறுவது, பிறர் பார்வையும் பேச்சும் எட்டாத தனிமைச் சிறையைக் குறிக்காது என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். மேல்முறையீடுகள் யாவும் முடியும் வரை ஒருவரை மரண தண்டனைக் கைதியாகக் கொள்ளலாகாது என்றும் கூறினர். தக்க காரணமின்றி, கால வரையறையின்றி விலங்கு பூட்டி வைப்பதும் சட்டத்துக்கு ஒவ்வாது என்றனர். அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பும் தன்னுரிமையும் சிறை வாயிலில் கழற்றி வைக்கப்படுபவை அல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதே சுனில் பத்ரா பின்னர் ஒரு கடிதம் எழுதினார். சக கைதி ஒருவரைச் சிறைக் காவலர் வதைத்த செய்தியை அது உச்ச நீதிமன்றத்துக்கு உரைத்தது. நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, தனிமைக் கொட்டடியோ வேறு தண்டனையோ அமர்வு நீதிபதியின் ஆய்வின்றி விதிக்கப்படலாகாது என்று பணித்தது. அவசர நிலையில் நடவடிக்கை எடுக்க நேர்ந்தால், 2 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

உலக அளவிலும் ஓர் அளவுகோல் உண்டு. 2015-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், நாளொன்றுக்கு 22 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்தலைத் தனிமைச் சிறை என வரையறுக்கின்றன. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் அவ்வாறு வைப்பதை விலக்குகின்றன. எனவே கொட்டடியின் வாயிலில் எழுதிய பெயர் பெரிதன்று. பாதுகாப்பு என்று பெயரிட்டாலும், உள்ளே நிகழ்வது தண்டனையாயின் அது தண்டனையே.

ஆகவே, பிரித்து வைக்கப்பட்ட விசாரணைக் கைதி கேட்கத்தக்கவை தெளிவானவை. ஏன் பிரித்தீர்கள் என்ற காரணம், தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, எத்துணை நாள் என்ற வரையறை, நீதிபதியின் ஆய்வு. வழக்கறிஞரைக் கலந்து தம் வழக்கை நடத்தும் உரிமையையோ அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவே அளிக்கிறது. தனியறையில் அடைபட்டு வழக்கறிஞரைக் காண இயலாதவர், தம் வழக்கைத் தொடங்குமுன்னரே பாதி தோற்றவராவார்.

இவர்களுள் பலர் நாளை குற்றமற்றவர் என விடுதலை பெறக்கூடும். இழந்த பொருளை அரசு ஈடு செய்யலாம். இருண்ட அறையில் தனித்துக் கழித்த ஓர் இரவை எந்தக் கருவூலமும் திருப்பித் தர இயலாது. நாளைய வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் சிறை அலுவலர்களும் உங்களிடையிலிருந்தே தோன்றப்போகிறார்கள். தீர்ப்புக்கு முன் தண்டனை இல்லை என்ற இந்த எளிய நெறி சிறைச்சுவருக்கு உள்ளேயும் செல்லுபடியாவது உங்கள் விழிப்பைப் பொறுத்தது.