வலி தெரிந்தவர்கள் கூடும் இடம்



எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஸ்கேன் பார்த்தாயிற்று, ரத்தப் பரிசோதனையும் ஆயிற்று. "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. "அப்படியென்றால் இந்த வலி எங்கேயிருந்து வருகிறது?" என்று வலிக்காரர் கேட்டதும், சுற்றி இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பல வருஷமாக வலியோடு இருப்பவர்களுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிற வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், முதுகுவலி, உடம்பெங்கும் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா என்று அதில் பல வகை. கடைசியாகச் சொன்னது எந்த ஸ்கேனிலும் தெரியாது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தில்தான் இன்னும் கொடுக்கவில்லை. "அதையே நினைச்சுக்கிட்டு இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்பதுதான் அங்கே தீர்ப்பு.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சரி, வந்தவர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும்? ஆளுக்கொரு புலம்பல் என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற அம்மையார் 1970-களின் கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் செவிலியர் படிப்பும் பொதுச் சுகாதாரப் படிப்பும் படித்தவர். மூட்டுவாதக்காரர்களுக்காக அவர் தொடங்கிய பயிற்சி வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று ஆறு வாரம் நடக்கும். நடத்துகிறவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அவர்களில் பலர் மூட்டுவாதக்காரர்களே.

இந்த முறையில் வளர்ந்த கூட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கலைவதற்கு முன் ஒவ்வொருவரும் அடுத்த வாரம் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். "நிறைய நடப்பேன்" என்றால் விடமாட்டார்கள். எவ்வளவு தூரம், எந்த நேரம், வாரத்தில் எத்தனை நாள்? பிறகு, "இதைச் செய்துவிடுவேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைக் குறைக்கச் சொல்வார்கள். தெருக்கோடி வரை நடக்க முடியாதா, நாலு வீடு தாண்டித் திரும்பினால் போதும். அடுத்த வாரம் வந்ததும் முதல் கேள்வியே, "நடந்தீர்களா?" என்பதுதான். நடக்கவில்லை என்றால் யாரும் திட்டுவதில்லை. எது தடுத்தது என்று எல்லாரும் சேர்ந்து யோசிக்கிறார்கள்.

இதில் ஒரு புதிரும் வந்தது. உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் வலி குறைந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்தார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உடற்பயிற்சிக்கும் பலனுக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. கலந்துகொண்டவர்களிடமே போய்க் கேட்டார்கள். தேறியவர்கள், நோய் தங்கள் கைக்குள் கொஞ்சம் வந்துவிட்டதாக உணர்ந்தார்கள். தேறாதவர்களோ, எதுவும் நம் கையில் இல்லை என்றே இருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னால் முடியும் என்ற இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுதிவந்தார். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது அது வளரும் என்பது அவர் கருத்து. டாக்டர் "நடங்கள்" என்றால் அது அறிவுரை. நம்மைப் போலவே வீங்கிய முட்டியோடு வந்திருக்கும் பெண், "நான் பாதி வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்து நடக்கிறேன்" என்றால், அதை எப்படி மறுக்க முடியும்?

1993-ல் லோரிக் குழுவினர், பயிற்சி எடுத்தவர்களின் நான்கு வருடக் கணக்கை வெளியிட்டார்கள். வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரைப் பார்க்கப் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியும் இருந்தது. நோய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கூட்டத்துக்குப் போனால் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த 9 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் இப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். வலி கொஞ்சம் விட்ட நாளில் பரணை ஒழித்து, ஒட்டடை அடித்து, போர்வைகளைத் துவைத்துப்போட்டுவிட்டு அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது நம் பெண்களின் வழக்கம். அந்தத் தப்பைத் தானும் செய்து பார்த்தவர்தான், "இன்னைக்குப் பரண் மட்டும் போதும்மா" என்று சொல்லி நிறுத்துவார்.

எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டம் அல்ல. யாருக்கு அதிகம் வலி என்ற போட்டியிலேயே பொழுது போகிற இடம் உண்டு; அங்கிருந்து வீடு திரும்பும்போது வலி கூடித்தான் இருக்கும். எண்ணெயும் மாத்திரையும் விற்க வருகிறவர், டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் இருந்தால் மறுவாரம் போகாதீர்கள். உங்கள் ஊரில் நீங்களே தொடங்குவதானால், மாடிப்படி இல்லாத இடமாக, முதுகு சாய நாற்காலி உள்ள இடமாகப் பாருங்கள். நடுவில் எழுந்து நடமாட இடைவேளை விடுங்கள். கால் திடீரென்று மரத்துப்போனாலோ, பலம் இழந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.