குடித்தால் பரிசோதனை முடிவு மாறுமா?

(ஆஸ்பத்திரி நண்பர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்களை நீண்ட நேரம் உட்கார வைக்கமாட்டோம். கொரோனா காலத்தில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் அதிகம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். சத்தமாகக் கேட்கப்பட்ட கேள்வி அல்ல அது. பெயர் எழுதி, சீட்டு வாங்கி, கடைசியில் கதவருகே நின்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "ரெண்டு கட்டிங் போட்டுட்டு டெஸ்ட் எடுத்தா நெகட்டிவ்னு வந்துரும்ல சார்?"

சிரிக்கத் தோன்றும். ஆனால் கேட்டவர்களின் நிலைமையை நம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் அறிவார்கள். கம்பம், கூடலூர், போடி பக்கத்து ஜனங்களுக்கு மேலே வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களில்தான் பிழைப்பு. காலையில் ஜீப்பில் ஏறி, சாயங்காலம் இறங்குவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழியிலும் சோதனைச் சாவடி நின்றுவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் இரண்டு தவணை ஊசி போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. காய் எடுப்புத் தொடங்கியிருந்த நேரம். அந்தக் காகிதம் இல்லாதவருக்கு அன்றைய கூலி இல்லை. வளைகுடா நாடுகளுக்குத் திரும்ப வேண்டியிருந்த பிள்ளைகளுக்கோ விசாவே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேள்விக்குப் பதில் இதுதான்: குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்தப் பரிசோதனையின் முடிவு மாறாது.

ஏன் மாறாது என்று கேட்டவர்களுக்கு நாங்கள் இப்படிச் சொல்வோம். மூக்கின் உட்பகுதியிலும் தொண்டையிலும் குச்சியால் தொட்டு எடுத்து, ஒரு சிறு குழாயிலுள்ள திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். நமக்கு அந்த ஆய்வகம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 2020 மார்ச் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டில் இந்தச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்றிருந்த இடங்களில் கிண்டி கிங் நிலையத்தோடு நம் தேனியும் ஒன்று என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆய்வகத்தில் வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து, அதைத் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்கி, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படிப் பிரித்தெடுக்கும்போது கழுவுவதற்கு அவர்களே ஆல்கஹாலைத்தான் உபயோகிக்கிறார்கள்! ஆல்கஹால் பட்டதும் மறைந்துபோகிற பொருளாக இருந்தால் அந்தச் சோதனையையே செய்திருக்க முடியாது.

"கையில் தேய்க்கிற சானிடைசரும் சாராயம்தானே, அது கிருமியைக் கொல்லுகிறதே" என்பார்கள். நல்ல கேள்விதான். கைக்குத் தேய்க்கும் திரவத்தில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் வேலை செய்யும். கடையில் விற்கும் பிராந்தியில் நூற்றுக்கு 43 பங்குகூட இல்லை. அதுவும் தொண்டையை ஒரு நொடியில் தாண்டி வயிற்றுக்குப் போய்விடுகிறது, மூக்கைத் தொடுவதே இல்லை. இரத்தத்திலோ, 100 மில்லியில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது சட்டம். அது நூற்றுக்கு 0.03 பங்கு. அதைப்போல் பத்து மடங்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து, அப்போதும் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வதந்தியை நம்பித்தான் 2020இல் ஈரானில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

குடியால் மாறுகிற சோதனைகளும் இருக்கின்றன, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கல்லீரல் சோதனைகள், இரத்தக் கொழுப்பு, சர்க்கரை ஆகியவை மாறும். ஒருவேளை இவற்றைப் பற்றிக் கேட்ட பேச்சுத்தான் கொரோனாவோடு சேர்ந்துகொண்டதோ என்னவோ.

இதுவரை சொன்னது வெறும் அறியாமை. எங்களைப் பயமுறுத்தியது இதற்கு நேர் எதிரான இன்னொரு நம்பிக்கை. "டெஸ்டுக்கு முன்னால மூணு நாள் தொடாம இருந்தா ரிசல்ட் நல்லா வரும்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கேட்பதற்கு நல்ல ஆலோசனையாகவே தோன்றும். ஆனால் பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் கை நடுக்கமும் வியர்வையும் வரும். ஒன்றிரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சித்தம் கலங்கி, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார்கள். சரியாக அந்த 72 மணி நேரம்!

அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஜீப் டிரைவரை இரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு தவணை ஊசி மட்டும் போட்டிருந்தார், ஆகையால் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காக வைராக்கியமாக நிறுத்தியிருக்கிறார். இரண்டாம் நாள் வாசலிலேயே வலிப்பு. "மூணு நாளா கையால தொடலைங்க சிஸ்டர், நல்ல புத்தி வந்துருச்சுன்னு சாமிக்கு நேந்துக்கிட்டேன். இப்படி ஆகிப்போச்சே" என்று மனைவி அழுதார். அவர் சொல்லில் தவறில்லை. எச்சரித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். குடிக்கிறீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்ட நாங்கள், நிறுத்தப்போகிறீர்களா என்று ஒருவரையும் கேட்டதில்லை.

வைட்டமின் பி1 ஊசியும், நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்து, கட்டிலருகே மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். இரண்டு இரவு எங்கள் வார்டைத் தன் ஜீப் என்று நினைத்துக்கொண்டு, "ஏறு, ஏறு, நேரமாச்சு" என்று பக்கத்துக் கட்டில்காரரை அழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கொரோனா முடிவு இரண்டாம் நாளே வந்துவிட்டது, நெகட்டிவ். குடித்திருந்தாலும் அதுவேதான் வந்திருக்கும். அவர் எழுந்து நடமாடியபோது சான்றிதழின் 72 மணி நேரமும் கடந்துபோயிருந்தது.

சாவடிகளில் இப்போது அந்தக் காகிதத்தை யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5இல் நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் ஆபரேஷனுக்கு முன், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு முன், மாலை போடுவதற்கு முன் என்று ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். ஆகவே எங்கள் பதிவுச் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "கடைசியாகக் குடித்தது எப்போது?" தினமும் குடித்தவர் இரண்டு நாளுக்கு முன் என்று பதில் சொன்னால், சிஸ்டர் அவரை வரிசையில் நிற்க விடுவதில்லை, நேரே உள்ளே அழைத்துக்கொள்கிறார்.

அந்த டிரைவர் மறுபடி ஜீப் ஓட்டுகிறார். குடியை முழுக்க விட்டாரா என்று கேட்டால், "பெரும்பாலும்" என்கிறார். கணக்கு எங்களுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை வந்து எங்களிடம்தான் மாத்திரை வாங்கிப் போகிறார்.