மூளை ஆராய்ச்சியில் நஞ்சும் எதிர்ப்பொருளும்

ஆமணக்கு விதையிலும் குன்றிமணியிலும் கொடிய நஞ்சு உண்டு என்பதை இந்தியச் சிற்றூர்களில் அறியாதார் இலர். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியாவே. அதிலும் பெரும்பகுதி குஜராத் மாநிலத்தில் விளைகிறது. விதையைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பின் நஞ்சு பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. ஆகவே அப்பிண்ணாக்கு கால்நடைகளுக்குத் தீவனமாக இடப்படுவதில்லை, வயலுக்கு எருவாகிறது. இத்தகைய தாவர நஞ்சுகள் மூளையின் அமைப்பையும் செயலையும் அறிய உதவும் நுண்கருவிகளாக மாறியது அறிவியல் வரலாற்றில் சிந்தனைக்குரிய ஒரு நிகழ்ச்சியாகும்.

நஞ்சு தனித்து நின்று கருவியாகிவிடவில்லை. எந்தச் செல்லைச் சென்றடைய வேண்டும் என்று அதற்கு வழிகாட்ட ஒரு துணை தேவைப்பட்டது. அத்துணையே எதிர்ப்பொருள். அது காட்டும் முகவரி எந்த அளவுக்குச் சரியானதோ, அந்த அளவுக்கே ஆராய்ச்சியின் முடிவும் சரியானதாக இருக்கும். மாணவர்களும், ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும் மனத்தில் கொள்ள வேண்டிய கருத்து இதுவேயாகும்.

எதிர்ப்பொருளின் தோற்றம்

1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எமில் வான் பேரிங், ஷிபாசாபுரோ கிட்டாசாட்டோ ஆகிய இருவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். விலங்கின் உடலில் இசிவு நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அதன் குருதி நீரில் அந்நஞ்சை முறிக்கும் பொருள் தோன்றுகிறது; அக்குருதி நீரை வேறொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் காக்கப்படுகிறது என்பதே அவ்வுண்மை. இன்று பாம்புக்கடிக்கு அளிக்கப்படும் நச்சு முறிவு மருந்தும் இதே முறையில்தான் உருவாகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சையும் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து இந்தியாவில் அம்மருந்து எடுக்கப்படுகிறது.

ஆமணக்கின் நஞ்சுக்கு ரிசின் என்று பெயரிட்டவர் ஹெர்மன் ஸ்டில்மார்க், ஆண்டு 1888. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் பால் எர்லிக் ரிசினையும், குன்றிமணி நஞ்சாகிய ஏப்ரினையும் எடுத்துக்கொண்டு சுண்டெலிகளில் சோதனை செய்தார். ரிசினைத் தாங்கப் பழகிய சுண்டெலி ஏப்ரினைத் தாங்கவில்லை. ஏப்ரினுக்குப் பழகியது ரிசினைத் தாங்கவில்லை. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய ஒரு பொருளை மட்டுமே இனம் காண்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. நோயுற்ற இடத்தை மட்டும் நாடிச் சென்று தாக்கும் மருந்து வேண்டும் என்று பின்னாளில் எர்லிக் கண்ட கனவுக்கும் இத்தகைய ஆய்வுகளே அடிப்படையாயின.

அக்கனவு கைகூடப் பல்லாண்டுகள் ஆயின. விலங்கின் குருதியில் கிடைப்பது பலவகை எதிர்ப்பொருள்களின் கலவையாகும். ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் வேண்டிய அளவுக்குப் பெறும் முறையை 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்லையும், ஓயாது பெருகும் புற்றுச் செல்லையும் ஒன்றாக இணைத்தனர். இணைந்த செல் பெருகிக்கொண்டே ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது சுரந்தது. மோனோகுளோனல் எதிர்ப்பொருள் எனப்படுவது இதுவே. 1984இல் இவ்விருவரும் நீல்ஸ் ஜெர்னியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நஞ்சு செயல்படும் வகை

ரிசினில் இரண்டு புரதத் தொடர்கள் உள்ளன. ஒன்று செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. மற்றொன்று செல்லினுள் நுழைந்து அழிவை விளைவிக்கிறது. செல்லுக்குத் தேவையான புரதங்கள் அனைத்தும் ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பில் உருவாகின்றன. அதிலுள்ள ஆர்.என்.ஏ. இழையிலிருந்து அடினைன் என்னும் ஒரே ஒரு மூலக்கூற்றுப் பகுதியை நஞ்சு நீக்கிவிடுகிறது என்பதை 1987இல் ஜப்பானிய அறிஞர்கள் நிறுவினர். அந்த ஒன்று நீங்கியவுடன் ரைபோசோம் பயனற்றுப் போகிறது. நஞ்சு ஒரு ரைபோசோமோடு நிற்பதில்லை; அடுத்தடுத்துப் பலவற்றைச் சிதைக்கிறது. புரத உற்பத்தி நின்று செல் மடிகிறது.

ரிசினைக் கருவியாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. அதன் பற்றும் தொடர் ஏறத்தாழ எல்லாச் செல்களையும் பற்றக்கூடியது. ஆகவே பற்றும் தொடர் இல்லாத ஒரு நஞ்சு தேவைப்பட்டது. ஐரோப்பாவில் முற்காலத்தில் துணி வெளுக்கப் பயன்பட்ட சோப்புப் பூண்டின் விதையிலிருந்து, சாப்போரின் என்னும் அத்தகைய புரதத்தை இத்தாலியின் பொலோனியா நகர ஆராய்ச்சியாளர்கள் 1983இல் பிரித்தெடுத்தனர். இது தானாகச் செல்லினுள் எளிதில் புகாது. உள்ளே சேர்க்கப்பட்டால் கொல்லும். இதனை ஓர் எதிர்ப்பொருளுடன் வேதியியல் முறையில் பிணைத்தால், அந்த எதிர்ப்பொருள் இனம் காணும் செல்லினுள் மட்டுமே நஞ்சு சென்று சேரும்.

நினைவாற்றல் பற்றிய ஒரு திருத்தம்

அல்சைமர் நோயால் இறந்தோரின் மூளையில் அசெட்டைல்கோலினை உண்டாக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பதை 1976இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டனர். அப்பொருளைச் சுரக்கும் செல்கள் முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ளன. அவற்றின் அழிவே நினைவிழப்புக்குக் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. இதனைச் சோதிக்க எலிகளின் மூளையில் அப்பகுதி மின்னோட்டத்தாலும் வேதிப் பொருள்களாலும் அழிக்கப்பட்டது. எலிகள் கற்ற வழியை மறந்தன. கருத்து மெய்ப்பிக்கப்பட்டது போலத் தோன்றியது.

ஆனால் அந்த முறைகளில் ஒரு குறை இருந்தது. அப்பகுதியில் அசெட்டைல்கோலினைச் சுரக்கும் செல்களுடன் வேறு வகைச் செல்களும் கலந்தே இருக்கின்றன. களையெடுக்கச் சென்றவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கியது போல, இருவகைச் செல்களும் ஒருங்கே அழிந்தன.

1991இல் அமெரிக்காவில் ரொனால்டு வைலியும் அவருடைய உடனாய்வாளர்களும் புதிய கருவியை அறிமுகப்படுத்தினர். முன்மூளையின் அடிப்பகுதியில் அசெட்டைல்கோலினைச் சுரக்கும் செல்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் நரம்பு வளர்ச்சிக் காரணியை ஏற்கும் ஒரு புரதம் உண்டு. எலியின் அப்புரதத்தை இனம் காணும் 192 என்னும் எண்ணுடைய எதிர்ப்பொருளுடன் சாப்போரினைப் பிணைத்தனர். குறித்த செல்கள் மடிந்தன. அண்டையிலிருந்த பிற செல்கள் பெரும்பாலும் பிழைத்தன.

இதன்பின் கிடைத்த முடிவுகள் பலரை வியக்க வைத்தன. அசெட்டைல்கோலினைச் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் அழிந்த பிறகும், நீர்த்தொட்டியில் மறைந்துள்ள மேடையைத் தேடிக் கண்டுபிடிக்கும் சோதனையில் பல எலிகள் எதிர்பார்த்த அளவுக்குத் தடுமாறவில்லை. கவனத்தை ஒருமுகப்படுத்த வேண்டிய சோதனைகளிலோ குறை தெளிவாகத் தென்பட்டது. பழைய ஆய்வுகளில் கண்ட நினைவிழப்பின் ஒரு பகுதி, உடன் அழிந்த பிற செல்களால் நேர்ந்தது என்பது இதனால் விளங்கிற்று. அசெட்டைல்கோலினின் பங்கு இல்லையென்று ஆகிவிடவில்லை. அது நினைவை விடக் கவனத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்ற திருத்தம் ஏற்பட்டது. அல்சைமர் நோய்க்கென 1990களில் ஒப்புதல் பெற்ற மருந்துகள் அசெட்டைல்கோலின் சிதைவைத் தடுப்பவை. அவை ஓரளவு நிவாரணமே தருகின்றன. நோயின் காரணம் ஒரே வகைச் செல்லின் அழிவில் அடங்குவதன்று என்பதை இவ்விரண்டு செய்திகளும் உணர்த்துகின்றன.

வலியின் பாதை

வலி பற்றிய ஆய்வில் எதிர்ப்பொருளுக்குப் பதிலாக, நரம்புச் செல்கள் தாமே பயன்படுத்தும் ஒரு தூதுப்பொருள் வழிகாட்டியாயிற்று. பொருள் பி என்று வழங்கும் சிறு புரதத்துடன் சாப்போரினைப் பிணைத்து, எலிகளின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் செலுத்திய ஆய்வின் முடிவு 1997இல் வெளியாயிற்று. பொருள் பி-ஐ ஏற்கும் செல்கள் மட்டும் அழிந்தன. மிகைப்பட்ட வலியுணர்வு தணிந்தது. தீச்சூடு பட்டால் கையை இழுத்துக்கொள்ளச் செய்யும் இயல்பான வலியுணர்வோ பெரிதும் குறையவில்லை. எலும்புப் புற்றுநோயுற்ற நாய்களுக்கு இம்முறையால் வலி குறைந்தது என்று 2013இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. தீராத புற்றுநோய் வலியால் துன்புறுவோருக்கு இது நம்பிக்கை தரும் வழியாகும். எனினும் அழிந்த நரம்புச் செல்லை மீட்க இயலாது என்பதால், மனிதரிடம் இதனைப் பயன்படுத்துவதில் மிகுந்த நிதானம் தேவை.

முகவரி தவறினால்

ஒரே புரதம் ஒன்றுக்கு மேற்பட்ட செல் வகைகளில் இருக்கக்கூடும். 192 எதிர்ப்பொருள் இனம் காணும் புரதம் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களிலும் உண்டு. ஆதலால் அக்கூட்டுப்பொருளை மூளையின் நீர் நிரம்பிய உள்ளறைகளில் செலுத்தினால் அச்செல்களும் மடிகின்றன. விலங்கின் நடை தடுமாறலாம். அத்தடுமாற்றத்தை நினைவிழப்பு என்று கருதிவிட்டால் ஆய்வு முழுவதும் வழி தவறும். மேலும், எலியின் புரதத்தை அறியும் இந்த எதிர்ப்பொருள் சுண்டெலியில் பயன்படாது. அதற்கு வேறோர் எதிர்ப்பொருள் தேவை.

எனவே ஒவ்வோர் ஆய்விலும் ஒப்பீட்டுக் குழுக்கள் இன்றியமையாதவை. தனி எதிர்ப்பொருள், தனி நஞ்சு, எச்செல்லையும் நாடாத எதிர்ப்பொருளுடன் பிணைத்த நஞ்சு ஆகியவற்றைத் தனித்தனியே செலுத்திப் பார்த்தல் வேண்டும். இறுதியில் மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, எவை மடிந்தன, எவை எஞ்சின என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வெண்ணிக்கை இல்லாத முடிவு ஏற்கத்தக்கதன்று.

மருத்துவத்திலும் இதே படிப்பினை கிடைத்துள்ளது. தொண்டை அடைப்பான் நஞ்சின் ஒரு பகுதியை வழிகாட்டும் புரதத்துடன் இணைத்த மருந்தொன்று, ஒருவகை நிணநீர்ப் புற்றுக்காக 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் நுண்குழாய்களிலிருந்து குருதி நீர் கசிதல், நோயாளியின் உடலே அம்மருந்துக்கு எதிர்ப்பொருளை உண்டாக்குதல் ஆகிய இடர்கள் தோன்றின. காக்கும் ஆற்றலே மருந்துக்குத் தடையாவதை இங்குக் காண்கிறோம்.

இந்தியாவின் பொறுப்பு

குன்றிமணி நஞ்சு பற்றிப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. அந்நஞ்சை முறிக்கும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளும் அங்கு உருவாக்கப்பட்டது. மூலப்பொருளும் அறிவாற்றலும் இந்நாட்டில் உண்டு. அவற்றுடன் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் ரிசின் இடம்பெற்றுள்ளது. அவ்வுடன்படிக்கையை நிறைவேற்ற இந்தியா 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. விலங்குச் சோதனைகளை 1998ஆம் ஆண்டு விதிகள் நெறிப்படுத்துகின்றன. ஆய்வுக்கூடம்தோறும் விலங்கு நெறிமுறைக் குழு இருத்தல் வேண்டும்.

இவ்விதிகளை வெறும் தடைகளாகக் கருதலாகாது. ஒரு விலங்கின் மூளையில் மீட்க முடியாத அழிவை உண்டாக்கும் ஆய்வு, அதற்கு ஈடான அறிவைத் தர வேண்டும். ஒப்பீட்டுக் குழுவின்றிச் செய்யும் ஆய்வில் பொருளும் வீணாகிறது, உயிரும் வீணாகிறது. திட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலர் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: நஞ்சு சென்று சேரும் இடம் எவ்வாறு சரிபார்க்கப்பட்டது? அதற்குத் தெளிவான விடை அளிக்கக்கூடிய மாணவர் இத்துறையில் முதல் அடியைச் சரியாக வைத்தவர் ஆவார்.