மரத்துக்கு மெருகு: ஒரு தெளிப்புக் கருவி வாங்கிய கதை

(படப்பையில் தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



மரச் சாமான்களுக்கு மெருகு பூச டர்பைன் ஸ்பிரே வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கருவியைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் தவறு செய்தேன்.

எங்களுடையது இந்த வண்டலூர்–வாலாஜாபாத் சாலைப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி. பிள்ளைகளின் அப்பா, அண்ணன், அக்கா என்று வீட்டுக்கு ஒருவராவது ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குப் போகிறார்கள். பள்ளியின் பின்பக்கத்தில் உடைந்த டெஸ்க்குகள் மழையில் நனைந்து கிடந்தன. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் பிரித்து, இழைத்து, ஆணியடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நிமிர்த்தினார்கள். கடைசி வேலையான மெருகு மட்டும் பாக்கி.

தெரிந்த ஒரு பாலிஷ்காரரிடம் கேட்டேன். “ரெண்டு டப்பா பி.யூ. அடிங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார். அவரிடமே கம்ப்ரசரையும் கன்னையும் இரவல் வாங்கினேன். தூசி விழக்கூடாது என்று அறையின் சன்னல்களைச் சாத்தினேன். பிள்ளைகள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டார்கள். டெஸ்க் பளபளத்தது, நானும் செல்பேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஒரு மாணவனின் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. “ராத்திரி முழுக்க இருமிக்கிட்டே இருந்தான் சார். வேலை கத்துக்குடுங்க, வேண்டாங்கல. ஆனா அந்த வாடை என்னன்னு மட்டும் பாருங்க” என்றார். வகுப்பில் இன்னொரு மாணவன் எழுந்து, “எங்க அண்ணன் பெயின்ட் ஷாப்புல இருக்காரு சார். அங்க காத்துக் குழாய் வெச்ச முகமூடி போடாம உள்ளயே விட மாட்டாங்களாம். நாம கர்ச்சீப் கட்டிக்கிட்டு அடிச்சோமே?” என்றான். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் படித்தேன். இரண்டு டப்பா பி.யூ.வில் கடினமாக்கி இருக்கிறதே, அதில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். துணியோ சாதாரணத் தூசி முகமூடியோ அதைத் தடுக்காது. மெலமைன் பூச்சில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. என்.சி. லாக்கர் சீக்கிரம் காயும். ஆனால் அதன் தின்னர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அரக்கைச் சாராவியில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பிரெஞ்ச் பாலிஷுக்குக் கருவியே வேண்டாம். எனக்கு இன்றும் பிடித்தது அதுதான். ஆனால் சூடான டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் வைக்கும் டெஸ்க்கில் அது வெள்ளை வட்டம் வட்டமாகிவிடும். ஆகவே எங்களுக்கு மிஞ்சியது ஒற்றை டப்பாவில் வரும், நீரில் கரையும் பி.யூ. கொஞ்சம் விலை அதிகம்தான்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கருவியைப் பார்த்துவிட்டு எதை அடிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். எதை அடிப்போம் என்று முடிவு செய்த பிறகுதான் கருவி. அதுவும் பள்ளியில் அந்த முடிவைப் பிள்ளையின் மூச்சுதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு முடிவிலிருந்து மற்றதெல்லாம் கணக்குப்போல் தானாக வரும்.

எப்படி என்று சொல்கிறேன். டர்பைன் என்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வாக்குவம் கிளீனர் மோட்டார் போன்றதுதான். உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டு ஊதும் பக்கத்தைப் பயன்படுத்துகிறோம். ஒரே தண்டில் அடுக்கடுக்காக விசிறிகள். ஓர் அடுக்கை ஒரு ‘ஸ்டேஜ்’ என்கிறார்கள். அடுக்கு கூடக் கூட அழுத்தம் ஏறும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறினாலும், மூன்று ஸ்டேஜ் என்றால் 6 பி.எஸ்.ஐ. அளவு, நான்கு என்றால் 7 முதல் 8 வரை, ஐந்து என்றால் 9க்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கார் டயரில் 30க்கு மேல் வைக்கிறோம். பழைய கன் 40, 50 என்று அடிக்கும். இது மிகக் குறைந்த அழுத்தம், ஆனால் நிறையக் காற்று. அதனால் பூச்சு மரத்தில் மோதித் திரும்பிப் புகையாகப் பரவுவது குறைகிறது. இந்த வகைக் கன்னுக்குக் காற்றுமூடியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காற்றுத் தூய்மை விதியே இருக்கிறது. தெளித்ததில் 65 விழுக்காடாவது பொருளின் மேல் ஒட்ட வேண்டும் என்பது அங்கே அளவுகோல். பழைய முறையில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும்; அந்தக் காற்றைத்தான் நாம் சுவாசித்தோம்.

சரி, மெலிந்த லாக்கர் என்றால் மூன்று ஸ்டேஜே போதும். ஆனால் நாம் எடுத்திருப்பது நீர்ப் பூச்சு. அது கெட்டி. தின்னர்போல நிறைய நீர் ஊற்றி இளக்க முடியாது. டப்பாவில் எழுதியதற்கு மேல் போனால் படலம் பலவீனமாகிவிடும். கெட்டியானதைப் பொடித்துளியாக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும். ஆகவே நான்கு ஸ்டேஜ். நீர் படும் பகுதி சாதாரண இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும். ஆகவே ஊசியும் முனையும் துருப்பிடிக்காத எஃகு. இந்தக் காரணங்களைப் பிள்ளைகளே கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதினார்கள்.

கெட்டித்தன்மையை அளக்க ஃபோர்டு கப் என்று அடியில் துளையிட்ட ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. நிரப்பி, விரலை எடுத்து, ஒழுகும் தாரை அறும்வரை வினாடி எண்ண வேண்டும். நான்காம் எண் கப்பில் தண்ணீருக்குப் பத்து வினாடி போல ஆகும்; எங்கள் பூச்சுக்கு அதைப்போல் பல மடங்கு. இயற்பியல் ஆசிரியர்களே, பாகியலுக்கு இதைவிட மலிவான செய்முறை கிடைக்காது! காலையிலும் மதியத்திலும் அளந்து பாருங்கள், வெப்பநிலை ஏறினால் வினாடி குறையும்.

“கம்ப்ரசரே இருக்கிறதே, அதில் குறைந்த அழுத்தக் கன்னை மாட்டலாமே” என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கன்களில் பல நிமிடத்துக்கு 10 கன அடிக்குக் குறையாமல் காற்று கேட்கும். 1 குதிரைத்திறன் கம்ப்ரசர் அதில் பாதிகூடத் தராது. தொட்டி காலியாகி, பாதி டெஸ்க்கில் நிற்க வேண்டும். மேலும் நம் ஊர் ஈரக்காற்றை அமுக்கினால் தொட்டியில் தண்ணீர் சேரும். அது கன் வழியாக வந்தால் பூச்சில் புள்ளி விழும். டர்பைனில் அந்தத் தொல்லை இல்லை. மாறாக அதன் காற்று சூடாக வரும். சித்திரை வெயிலில் துளி பரவுவதற்கு முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலாகிவிடுகிறது. நாங்கள் கோடையில் பத்து மணிக்குள் முடித்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தொடுவதே இல்லை; நீர்ப் பூச்சு காயாது.

இடையில் ஒரு செய்தி. டிவில்பிஸ் என்ற தெளிப்புக் கன் பெயரைப் பட்டறைகளில் கேட்டிருப்பீர்கள். அவர் ஓஹியோ மாநிலத்து டொலீடோவில் இருந்த மருத்துவர். 1880களின் இறுதியில், நோயாளியின் தொண்டைக்கு மருந்து தெளிக்க அவர் ஒரு தெளிப்பானைச் செய்தார். பெயின்ட் கன்னாக அதை மாற்றியது அவர் மகன், 1907இல். தொண்டைக்கு மருந்தடிக்கப் பிறந்த கருவியால் ஒரு பையனை இருமவைத்தேன் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இனி வாங்கும் படலம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், மூன்று விலைப்புள்ளி, குறைந்தது எதுவோ அது. இதில்தான் நாம் சறுக்குகிறோம். “ஸ்பிரே இயந்திரம் – 1” என்று மட்டும் எழுதினால் கையடக்க மலிவுக் கருவிதான் வரும். சுவருக்கு அது பரவாயில்லை, மரத்துக்கு எச்சில் துப்புவதுபோல் துப்பும். ஆகவே நான்கு ஸ்டேஜ், 230 வோல்ட், எஃகு ஊசி, 1.3 மற்றும் 1.8 மி.மீ. முனைகள், விசையை விட்டால் காற்றும் நிற்கும் கன், உதிரி வடிகட்டிகள், சென்னையிலேயே பழுதுபார்ப்பு வசதி என்று எல்லாவற்றையும் எழுதினோம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருகிறார் என்றால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 120, நம் பிளக்கில் செருகினால் அன்றே முடிந்தது. குழாயின் நீளமும் முக்கியம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தீப்பொறி விடும், அதன் வடிகட்டி பூச்சுத் தூசியையும் உறிஞ்சும். ஆகவே தெளிக்கும் இடத்திலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். தின்னர் வாடை உள்ள அறைக்குள் அதை ஓட்டவே கூடாது. நீட்டிப்பு ஒயர் மெல்லியதாக இருந்தால் மின்னழுத்தம் இறங்கும், காற்றும் இறங்கும். பாதி “மெஷின் சரியில்லை” புகார்கள் ஒயரில்தான் இருக்கின்றன.

நீர்ப் பூச்சு என்பதால் முகமூடி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வடிகட்டிக் குடுவை வைத்த முகமூடி, கண்ணாடி, காற்று வெளியேற்றும் விசிறி மூன்றும் உண்டு. கருவிக்குக் கிடைத்த பணத்தில் முகமூடிக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் விலைப்புள்ளி கேட்டோம். அதனால் ஐந்து ஸ்டேஜ் கைக்கு எட்டவில்லை. அந்த அம்மாவும் இப்போது மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். தீர்மானத்தில் முகமூடியின் எண்ணிக்கை விட்டுப்போயிருந்ததைச் சுட்டிக்காட்டியவர் அவர்தான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் இரண்டு டெஸ்க்குகளை உப்புத்தாள் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கப்பில் வினாடி எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மேசையில் முகமூடிகள் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்து மணிக்குள் அடித்துப் பார்த்துவிடலாம்.